கடைசியா எப்ப நம்மள மாத்திக்கிட்டோம்?

எங்க யுனிவர்சிட்டியில அடுத்த பத்து வருசத்துக்கான விஷன் டாக்குமென்ட் எழுத ஒரு கமிட்டி போட்டிருக்காங்க, அதுல என்னையும் சேத்திருக்காங்க. இருபது வருசத்துக்கு மேல பிசிக்ஸ் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன், ஆனா இந்த மாதிரி வேலை எனக்குப் புதுசு. முதல் மீட்டிங்ல ஆளாளுக்குப் போர்டுல ஒரு வார்த்தை எழுதுனாங்க. உலகத்தரம், புதுமை, சமத்துவம், ஆராய்ச்சி, எதிர்காலம், அப்புறம் நடுவுல பெருசா முற்போக்குன்னு. எழுதுன ஒவ்வொருத்தரும் மனசார எழுதுனாங்கன்னு எனக்குத் தெரியும், அவங்ககூட பல வருசம் வேலை பாத்திருக்கேன். ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சப்ப ஒண்ணு உறுத்துச்சு, அந்தப் போர்டை அப்படியே கழட்டிட்டுப் போய் உலகத்துல எந்த யுனிவர்சிட்டி சுவத்துல மாட்டுனாலும் பொருந்தும். அப்ப எங்களோடதுன்னு அதுல என்ன இருக்கு? ஒரு யுனிவர்சிட்டிய முற்போக்கானதுன்னு எத வச்சு சொல்றது?

மூணு வாரமா இதே யோசனை. பழைய யுனிவர்சிட்டிகளோட வரலாற கொஞ்சம் தோண்டிப் படிச்சேன், என் வகுப்புல நடந்ததையும் திரும்ப நெனச்சுப் பாத்தேன். எனக்குக் கெடச்ச பதில சொல்லிடறேன். ஒரு யுனிவர்சிட்டி தப்பு பண்ணும்போது அத யாரு சொல்லலாம், சொன்னா காதுல விழுமா, விழுந்தா விதி மாறுமா, மாற எத்தன வருசம் ஆகும், இத வச்சுத்தான் பாக்கணும்னு எனக்குத் தோணுது. கட்டடமும் கம்ப்யூட்டரும் காசு இருந்தா ஒரு வருசத்துல வந்துரும், இது அப்படி வராது.

எமி நோய்தர்னு ஒரு கணித மேதை, அந்தப் பெண்ணோட கதைய எடுத்துக்கோங்க. பிசிக்ஸ் படிக்கற பசங்ககிட்ட நான் ஒவ்வொரு வருசமும் இத சொல்லுவேன், சொல்லும்போது இன்னிக்கும் தொண்டை அடைக்கும். 1915ல ஜெர்மனியில கோட்டிங்கன் யுனிவர்சிட்டிக்கு அங்க கணித ப்ரொபசரா இருந்த டேவிட் ஹில்பர்ட்டும் ஃபெலிக்ஸ் க்ளைனும் அவங்களக் கூப்பிடறாங்க. அதுக்கு முன்னாடியே அவங்க எர்லாங்கன்ல ஏழு வருசம் சம்பளமே இல்லாம வேலை பாத்தவங்க. கோட்டிங்கன்ல பாடம் நடத்தற உரிமை வேணும்னா ஹாபிலிடேஷன்னு ஒண்ணு வாங்கணும், அது ஆம்பளைங்களுக்கு மட்டும்தான்னு அப்ப விதி. மொழியியல், வரலாறுன்னு மத்த துறைகள்ல இருந்த ப்ரொபசர்கள் ஒத்துக்கவே மாட்டேன்னுட்டாங்க. ஹில்பர்ட் எழுந்து, இது யுனிவர்சிட்டிதான, குளியல் கூடம் இல்லையேன்னு கேட்டதா ஒரு கதை சொல்லுவாங்க. அப்பவும் நடக்கல. கடைசியில ஹில்பர்ட் பேர்ல லெக்சர்னு அறிவிச்சுட்டு நோய்தர் வந்து பாடம் எடுத்தாங்க. சமச்சீருக்கும், ஆற்றல் அழியாதுங்கற மாதிரியான அழிவின்மை விதிகளுக்கும் உள்ள உறவ சொல்ற அந்தத் தேற்றம் 1918ல வெளியாச்சு, இன்னிக்கு பிசிக்ஸோட அடித்தளத்துல ஒரு கல்லு அது. அப்படி ஒரு வேலைய முடிச்ச பிறகும் உரிமை கெடச்சது 1919லதான், அதுவும் போர் முடிஞ்சு, ராஜா போயி, நாட்டோட சட்டமே மாறுனதுக்கு அப்புறம்.

இந்தக் கதையில என்னைத் தொடறது என்னன்னா, அன்னிக்குக் கணிதத்துல உலகத்துலயே பெரிய எடம்னா அது கோட்டிங்கன்தான். அறிவுக்குக் கொறைவே இல்ல. ஆராய்ச்சியில இன்னிக்கு இருக்கற எந்த அளவுகோல வச்சுப் பாத்தாலும் முதல் எடம். ஆனா கண்ணு முன்னாடி நடக்கற தப்பத் திருத்திக்க அந்த எடத்துக்கு வெளிய ஒரு புரட்சி தேவப்பட்டுச்சு. உள்ள ஒரு வழி இல்ல. சிறந்த யுனிவர்சிட்டி வேற, முற்போக்கான யுனிவர்சிட்டி வேறங்கறத எனக்குப் புரிய வச்சது இதுதான்.

கேம்ப்ரிட்ஜும் அப்படித்தான். 1890ல ஃபிலிப்பா ஃபாசெட்னு ஒரு பொண்ணு அங்க கணிதத் தேர்வுல முதல் மாணவருக்கும் மேலன்னு அறிவிக்கப்பட்டாங்க. முதல் மாணவர்ங்கற பட்டம் ஆம்பளைக்குத்தான் குடுக்க முடியும், அதனால "அவருக்கும் மேல"ன்னு ஒரு எடத்த உண்டாக்கி ரிசல்ட்ட வாசிச்சாங்க. டிகிரி குடுத்தாங்களா? இல்ல. 1897ல பெண்களுக்கு டிகிரி குடுக்கலாமான்னு ஓட்டு நடந்தப்ப சைக்கிள் ஓட்டற பொண்ணு மாதிரி ஒரு பொம்மைய செஞ்சு தெருவுல தொங்கவிட்டு எதிர்ப்பு காட்டுனாங்க, தீர்மானம் தோத்துப் போச்சு. கடைசியா குடுத்தது 1948ல. 58 வருசம். நியூட்டன் இருந்த எடம், டார்வின் படிச்ச எடம், கண்ணுக்கு முன்னாடி ஒரு பொண்ணு முதல் ஆளத் தாண்டிப் போனதப் பாத்துட்டு அத ஒத்துக்க 58 வருசம் எடுத்துக்கிட்டாங்க.

அதே இங்கிலாந்துல 1826ல லண்டன்ல ஒரு புது யுனிவர்சிட்டி ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்னு சொல்றமே அது. அப்ப ஆக்ஸ்ஃபோர்டுல சேரணும்னா இங்கிலாந்துத் திருச்சபையோட 39 கொள்கைகளுக்குக் கையெழுத்து போடணும். புதுசா வந்தவங்க மதம் எதுவா இருந்தாலும் வரலாம்னு சொன்னாங்க. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்ப்ரிட்ஜும் அந்த மதச் சோதனைய பெரும்பாலும் விட்டது 1871ல, பார்லிமென்ட் சட்டம் போட்டதுக்கு அப்புறம். 1858லேருந்து லண்டன் யுனிவர்சிட்டி (இது வேற, பரீட்சை வச்சு டிகிரி குடுக்கற அமைப்பு), எங்க படிச்சிருந்தாலும் சரி வந்து பரீட்சை எழுதுன்னு வெளியாளுங்களுக்குக் கதவத் தொறந்தாங்க, 1878ல பெண்களுக்கும் டிகிரின்னுட்டாங்க. பழைய எடம் மெதுவா, புது எடம் வேகமான்னு இத சுருக்கிடலாம், ஆனா அது மட்டும் காரணம் இல்ல. புதுசா ஆரம்பிக்கறவங்க வெளிய நின்னவங்க. கதவு எங்க இடிக்குதுன்னு இடிபட்டவங்களுக்குத்தான் தெரியும்.

இதுக்கு நான் படிச்சதுலயே ரொம்பப் பிடிச்ச உதாரணம் காலாடெட். அமெரிக்காவுல காது கேக்காதவங்களுக்காக 1864ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி. 1988 வரைக்கும், அதாவது 124 வருசம், காது கேக்காத ஒருத்தர்கூட அங்க தலைவரா இருந்ததில்ல. அந்த வருசம் மார்ச்ல மறுபடியும் காது கேக்கற ஒருத்தர நியமிச்சாங்க. ஸ்டூடன்ட்ஸ் கேம்பஸ் கேட்ட மூடிட்டாங்க. ஒரு வாரம். கூடவே நிறைய ஆசிரியர்களும் ஊழியர்களும் நின்னாங்க. புதுசா வந்தவங்க விலகிட்டாங்க, காது கேக்காத கிங் ஜோர்டன் தலைவரானாரு, நிர்வாகக் குழுவுலயும் காது கேக்காதவங்க பாதிக்கு மேல இருக்கணும்னு ஒத்துக்கிட்டாங்க. நெனச்சுப் பாருங்க, யாருக்காக அந்த எடம் நடக்குதோ அவங்க நடத்தலாங்கற எண்ணம் வர 124 வருசம், வந்ததும் மாத்தறதுக்கு ஒரு வாரம். மாத்தறது எப்பவுமே கஷ்டமான காரியம் இல்ல போல, கேக்கறதுதான் கஷ்டமா இருந்திருக்கு.

யுனிவர்சிட்டிங்கற வார்த்தையோட வேரே இதத்தான் சொல்லுது. யூனிவர்சிடாஸ்னா லத்தீன்ல ஒரு கூட்டம், ஒண்ணா சேந்து நிக்கற ஒரு சங்கம்னு அர்த்தம், கட்டடம் இல்ல. 1088ல ஆரம்பிச்சதா சொல்லப்படற பொலோன்யாவுல அந்தச் சங்கம் ஸ்டூடன்ட்ஸோடது. வெளியூர்லேருந்து சட்டம் படிக்க வந்தவங்க ஊர்க்காரங்ககிட்டேருந்து தங்கள காப்பாத்திக்க ஒண்ணு சேந்தாங்க, அப்புறம் வாத்தியாரையும் அவங்கதான் அமத்துனாங்க. லேட்டா வந்தா வாத்தியாருக்கு அபராதம், மணி தாண்டிப் பேசுனாலும் அபராதம். அப்படியே இன்னிக்கு வேணும்னு நான் சொல்ல வரல, பாடம் நடத்தறவங்களுக்குப் பயம் இருந்தா உண்மைய சொல்ல முடியாது. ஆனா ஸ்டூடன்ட் ஒரு வாடிக்கையாளரும் இல்ல, நிரப்ப வேண்டிய பாத்திரமும் இல்ல, அந்த சங்கத்துல ஒரு உறுப்பினருங்கறது ஆரம்பத்துலயே இருந்திருக்கு. 1810ல பெர்லின் யுனிவர்சிட்டிய உருவாக்குன வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட் யோசிச்சதும் கிட்டத்தட்ட இதுதான், ஆசிரியர் மாணவருக்காக இல்ல, ரெண்டு பேருமே அறிவுக்காக அங்க இருக்காங்க, அந்த அறிவு இன்னும் முடியாத ஒண்ணுன்னு. பாடமும் ஆராய்ச்சியும் ஒரே எடத்துல இருக்கணுங்கற பழக்கம் அங்கேருந்துதான் உலகம் பூராவும் பரவுச்சு.

முடியாத ஒண்ணு. இந்த வார்த்தைய கமிட்டியில எழுதலாம்னு நெனச்சேன், ஆனா அதுக்கு முன்னாடி என் வகுப்பப் பத்தி சொல்லணும், ஏன்னா இந்தத் திருத்திக்கற வேலைய நான் முதல்ல கத்துக்கிட்டது அங்கதான்.

ஹார்வர்டுல எரிக் மஸூர்னு ஒரு பிசிக்ஸ் ப்ரொபசர். நல்லா பாடம் எடுக்கறாருன்னு பேரு, ஸ்டூடன்ட்ஸ் நல்ல மார்க் போடறாங்க. ஒரு நாள் அடிப்படைக் கேள்விகள் மட்டும் இருக்கற ஒரு டெஸ்ட் குடுக்கறாரு, கணக்கு போட வேண்டியதே இல்ல, ஒரு பெரிய லாரியும் சின்ன காரும் மோதுனா எது எதுமேல அதிக விசை குடுக்கும்ங்கற மாதிரி. ஒரு பொண்ணு கைய தூக்கி, இதுக்கு நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி பதில் எழுதணுமா, இல்ல நான் யோசிக்கற மாதிரி எழுதணுமான்னு கேட்டுச்சாம். அந்தக் கேள்வி அவர உலுக்கிருச்சு. டெஸ்ட் ரிசல்ட்டும் மோசம். கஷ்டமான கணக்கெல்லாம் போடற பசங்க லாரிதான் அதிக விசை குடுக்கும்னு எழுதியிருந்தாங்க, ரெண்டும் சமம்னு நியூட்டனோட மூணாவது விதிய மனப்பாடமா சொல்றவங்கதான். அதுக்கப்புறம் அவர் லெக்சர் பண்றதயே விட்டுட்டு, ஒரு கேள்வி குடுத்து, பதில் எழுத வச்சு, பக்கத்துல இருக்கறவங்ககூட வாதாட வச்சு, மறுபடியும் பதில் கேக்கற முறைக்கு மாறுனாரு. 1991 வாக்குல.

நான் இதப் படிச்சப்ப வேலைக்கு வந்து எட்டு வருசம் ஆயிருந்துச்சு. என் பசங்க அப்படி இருக்க மாட்டாங்கன்னு உறுதியா நம்புனேன். செமஸ்டர் கடைசியில அதே லாரி கேள்விய குடுத்தேன். பாதிக்கு மேல தப்பு. அதுல எங்கிட்ட முழு மார்க் வாங்குனவங்களும் இருந்தாங்க. அன்னிக்கு சாயங்காலம் பேப்பர் கட்ட கையில வச்சுக்கிட்டு ரூம்லயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். மறுநாள் ஒரு பையன் வந்தான், அவங்க குடும்பத்துலேருந்து காலேஜுக்கு வந்த முதல் ஆளு, வகுப்புல வாயே தொறக்காதவன். "மேடம், நீங்க பேசும்போது எல்லாமே புரியுது, அதயே நான் சொல்ல ஆரம்பிச்சா எதுவுமே புரியல"ன்னான். எட்டு வருசம் நான் நடத்துன பாடத்தப் பத்தி அவ்வளவு துல்லியமா யாரும் எங்கிட்ட சொன்னதில்ல, எந்த ஃபீட்பேக் ஃபாரத்துலயும் வந்ததில்ல.

அதுக்கப்புறம்தான் மாத்துனேன். சுலபமா இல்ல, முதல் வருசம் பசங்களுக்கே கோவம், நீங்க பாடம் எடுக்க மாட்டேங்கறீங்க, எங்களயே பேச வைக்கறீங்கன்னு. டிபார்ட்மென்ட்லயும் ரெண்டு பேரு சிலபஸ் முடியாதேன்னு கவலப்பட்டாங்க, அது நியாயமான கவலதான், நானும் ரெண்டு யூனிட்ட வெட்ட வேண்டியிருந்துச்சு. ஆனா 2014ல ஸ்காட் ஃப்ரீமேன் குழு 225 ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்து வெளியிட்ட முடிவு என் பக்கம் இருந்துச்சு. அறிவியல், கணிதம், இன்ஜினியரிங் வகுப்புகள்ல சும்மா லெக்சர் கேக்கறவங்கள்ல 34 சதவீதம் பக்கம் ஃபெயில் ஆனா, வகுப்புல அவங்களே வேலை செய்யற முறையில 22 சதவீதம் பக்கம்தான். இத இப்படி யோசிங்க, நூறு பேர்ல பன்னெண்டு பேரு. அந்தப் பன்னெண்டு பேரும் எனக்கு இது வராதுன்னு நெனச்சுக்கிட்டு வாழ்நாள் பூரா போயிடுவாங்க, ஆனா வராம போனது அவங்களுக்கு இல்ல, எங்களுக்கு.

ஒரு தனி ஆள் மாறுனா அது அவரோட ஓய்வு நாளோட முடிஞ்சிடும். அதுனாலதான் மொத்த யுனிவர்சிட்டியையே அப்படிக் கட்டுனவங்க மேல எனக்கு அவ்வளவு மதிப்பு. கனடாவுல மக்மாஸ்டர் 1969ல டாக்டர் படிப்ப நோயாளியோட பிரச்சனைலேருந்து ஆரம்பிச்சு படிக்கற மாதிரி மாத்துனாங்க, உடற்கூறு தனி, உடலியல் தனின்னு ரெண்டு வருசம் மனப்பாடம் பண்ணிட்டு அப்புறம்தான் மனுசனப் பாக்கறதுங்கற வரிசைய தலைகீழா ஆக்குனாங்க. நெதர்லாந்துல மாஸ்ட்ரிக்ட் அதப் பாத்து ஒரு முழு யுனிவர்சிட்டியவே அந்த முறையில கட்டுச்சு. டென்மார்க்ல 1974ல வந்த ஆல்போர்க்ல ஒவ்வொரு செமஸ்டரும் குழுவா ஒரு நிஜமான பிரச்சனைய எடுத்து ப்ராஜெக்ட் பண்ணணும், பாடம் அதுக்குத் துணை.

கதவப் பத்தி மறுபடியும் பேசணும். பிரிட்டன்ல ஓப்பன் யுனிவர்சிட்டி 1969ல சாசனம் வாங்கி 1971ல வகுப்பு ஆரம்பிச்சுது. அதுக்காக அரசாங்கத்துக்குள்ள நின்னு போராடுன அமைச்சர் ஜென்னி லீ, சுரங்கத் தொழிலாளி மக. முன்தகுதி எதுவுமே வேண்டாம்னாங்க. ஸ்கூல் முடிச்சிருக்கணுங்கறதுகூட கெடையாது. வேலைக்குப் போயிட்டு, பிள்ளைகள தூங்க வச்சுட்டு, ராத்திரியும் விடியக்காலையும் பிபிசியில பாடம் பாத்துப் படிச்சாங்க, அறிவியல் படிக்கறவங்களுக்கு வீட்டுக்கே மைக்ரோஸ்கோப்போட சோதனைப் பெட்டி தபால்ல வந்துச்சு. நிறைய பேரு அப்ப சொன்னது, தகுதி பாக்காம சேத்தா தரம் போயிடும்னு. அவங்க தரத்த உள்ள வர்ற எடத்துல வைக்கல, வெளிய போற எடத்துல வச்சாங்க. யாரு வேணா வரலாம், ஆனா டிகிரி வாங்கணும்னா மத்த எந்த யுனிவர்சிட்டிக்கும் சமமா படிச்சுத்தான் ஆகணும். 1985ல இந்தியாவுல இக்னோ அதே வழியில வந்துச்சு, இன்னிக்கு உலகத்துலயே அதிகம் பேரு படிக்கற யுனிவர்சிட்டிகள்ல அதுவும் ஒண்ணு. 2001ல எம்ஐடி தன்னோட பாடங்களயெல்லாம் இன்டர்நெட்ல இலவசமா போடறேன்னு அறிவிச்சதும் அந்தக் கதவுல இன்னொரு பலகை. எத்தன பேர நிராகரிக்கறோங்கறத பெருமையா சொல்ற பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, பத்து பேர்ல ஒம்பது பேர திருப்பி அனுப்பிட்டு, மிச்சம் ஒருத்தர் நல்லா வந்தாருன்னா அதுல நம்ம பங்கு என்னன்னு யாருக்குத் தெரியும்?

உள்ள வந்த பிறகு விழறவங்களும் இருக்காங்க. அமெரிக்காவுல ஜார்ஜியா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஒரு வேலை பண்ணுச்சு. படிப்ப பாதியில விடறவங்க ஏன் விடறாங்கன்னு தங்களோட சொந்த ரெக்கார்டுகள தோண்டிப் பாத்தாங்க. நிறைய பேரு ஃபெயில் ஆகி போகல, நல்லா படிக்கறவங்களே கடைசி கட்டத்துல ஃபீஸ்ல ஒரு சின்னத் தொகை பாக்கி இருந்ததுக்காக கம்ப்யூட்டர் பேரத் தானா நீக்கிடுது. 2011லேருந்து யாரும் விண்ணப்பம் போடாமலே அந்த பாக்கிய யுனிவர்சிட்டியே கட்டி அவங்கள உள்ள வச்சுக்கற ஒரு உதவித் திட்டம் கொண்டு வந்தாங்க. அதோட, யாரு எந்தப் பாடத்துல தடுமாறறாங்கன்னு தினமும் பாத்து ஆலோசகர்கள அனுப்புனாங்க. கறுப்பின மாணவர்களும் வெள்ளை மாணவர்களும் படிப்ப முடிக்கற விகிதத்துல இருந்த இடைவெளி அங்க மூடிப் போச்சு. பெரிய தத்துவம் எதுவும் இல்ல இதுல. இதுவரைக்கும் ஸ்டூடன்ட பாத்து உனக்கு என்ன கொறன்னு கேட்டவங்க, அந்தக் கேள்விய தங்கள நோக்கித் திருப்புனாங்க, நாம எங்க தள்ளி விடறோம்னு. எனக்குத் தெரிஞ்ச அளவுல ஒரு யுனிவர்சிட்டி கேட்ட மிக நேர்மையான கேள்வி அது.

ஆராய்ச்சிக்கு வர்றேன். கமிட்டியில அதிக நேரம் போனது ரேங்கிங்ல. ஷாங்காய் ரேங்கிங் 2003ல வந்துச்சு, அதுல முன்னாள் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கெடச்ச நோபல் மாதிரி பரிசுகளுக்கு 30 சதவீதம், நேச்சர், சயின்ஸ்ல வந்த பேப்பருக்கு 20 சதவீதம்னு கணக்கு. எங்கிட்ட வந்து மேடம் புரியலன்னு சொன்ன அந்தப் பையன் அந்தக் கணக்குல எங்க வருவான்? எங்கயும் வரமாட்டான். ரேங்கிங் கெட்டதுன்னு நான் சொல்லல, ஒருத்தர் வெளியேருந்து பாத்து சொல்றதுல நல்லதும் உண்டு. ஆனா எத எண்ண முடியுமோ அதயே குறிக்கோளா வச்சுக்கிட்டா, எண்ண முடியாதது மெல்ல மெல்ல செத்துப் போகும். நெதர்லாந்துல யூட்ரெக்ட் யுனிவர்சிட்டி ஆளெடுக்கும்போதும் பதவி உயர்வு குடுக்கும்போதும் இம்பாக்ட் ஃபேக்டர (ஒரு ஜர்னல்ல வர்ற பேப்பர்கள மத்தவங்க சராசரியா எத்தன தடவ மேற்கோள் காட்டறாங்கங்கற எண்) பாக்க மாட்டோம்னு 2021ல முடிவெடுத்தாங்க, 2023ல ஒரு பெரிய உலக ரேங்கிங்குக்குத் தகவல் அனுப்பறதயே நிறுத்துனாங்க. அதுக்கு எவ்வளவு துணிச்சல் வேணும்னு உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியும்.

ஹிக்ஸ் போசான்ங்கற துகள் இருக்கும்னு முன்கூட்டியே சொன்ன பிசிக்ஸ்காரர் பீட்டர் ஹிக்ஸ் 2013ல நோபல் வாங்குன சமயத்துல சொன்னாரு, இன்னிக்கு இருக்கற முறையில தனக்கு எந்த யுனிவர்சிட்டியிலயும் வேலை கெடச்சிருக்காது, அந்த அளவுக்கு பேப்பர் போடற ஆளு தான் இல்லன்னு. 1964ல அதப் பத்தி எழுதுன பேப்பருக்கு அப்புறம் அவர் மொத்தமா பத்து பேப்பர்கூட வெளியிடல. கேட்டலின் கரிக்கோவ 1995ல வேலை பாத்த எடத்துல பதவியிறக்கம் பண்ணுனாங்க, எம்ஆர்என்ஏவ வச்சு அவங்க செஞ்ச ஆராய்ச்சிக்கு நிதி வரலன்னு. 2023ல அதே வேலைக்கு நோபல், நடுவுல கோவிட் தடுப்பூசியா அது கோடிக்கணக்கான பேரோட கையில ஏறிருச்சு. காத்திருக்கத் தெரிஞ்ச எடம் வேற எங்கயும் இல்லன்னா யுனிவர்சிட்டியாவது அப்படி இருக்கணும். கம்பெனி மூணு மாசக் கணக்கு பாக்கும், அரசாங்கம் அஞ்சு வருசக் கணக்கு பாக்கும், முப்பது வருசக் கணக்கு பாக்க யாராவது வேணாமா?

இந்த இடத்துல கோட்டிங்கனுக்கு மறுபடியும் போகணும், ஏன்னா அந்தக் கதை 1919ல முடியல. 1933ல நாஜிங்க வந்ததும் யூதருன்னு நோய்தர வேலையிலேருந்து நீக்குனாங்க, இன்னும் பல பேரையும். அவங்க அமெரிக்காவுல ப்ரின் மார் காலேஜுக்குப் போனாங்க, 1935ல இறந்துட்டாங்க. நீக்குனதுக்கு அடுத்த வருசம், 1934ல, ஒரு விருந்துல நாஜி கல்வி அமைச்சர் ஹில்பர்ட்கிட்ட, யூதருங்க போனப்புறம் கணிதம் எப்படி இருக்குன்னு கேட்டதாவும், கோட்டிங்கன்ல கணிதமா, அது இப்ப இல்லவே இல்லையேன்னு அவர் சொன்னதாவும் சொல்லுவாங்க. நூறு வருசத்துக்கு மேல கட்டுனது, ஒரு சில மாசத்துல போயிருச்சு. வெளிய இருக்கற அதிகாரம் யாரு பாடம் எடுக்கலாம், எதப் பேசலாம்னு முடிவு பண்ண ஆரம்பிச்சா அங்க தப்ப சொல்றதுக்கு ஆளே இருக்காது. பொலோன்யாவோட 900வது வருசத்துல, 1988ல, பல நாட்டு யுனிவர்சிட்டித் தலைவர்கள் அங்க கூடி மாக்னா கார்ட்டா யுனிவர்சிடாட்டும்னு ஒரு சாசனத்துல கையெழுத்து போட்டாங்க, எந்த அரசியல் அதிகாரத்துலேருந்தும் பண அதிகாரத்துலேருந்தும் ஆராய்ச்சியும் பாடமும் சுதந்திரமா இருக்கணும்னு. பண அதிகாரங்கற வார்த்தைய அன்னிக்கே சேத்தாங்களே, அத நான் ரொம்ப மதிக்கறேன்.

பழைய பாவத்தையும் பாக்கணும். அமெரிக்காவுல ஜார்ஜ்டவுன் யுனிவர்சிட்டிய நடத்துன ஜெசூட் பாதிரிமார் 1838ல அதோட கடன அடைக்கறதுக்காக 272 அடிமை மக்கள வித்தாங்க, விக்கப்பட்டவங்கள்ல குழந்தைகளும் இருந்தாங்க. 2016ல அந்த யுனிவர்சிட்டி தன்னோட ஆவணங்களத் தானே தோண்டி எடுத்து, அவங்க வாரிசுகளுக்கு அட்மிஷன்ல முன்னுரிமைன்னு அறிவிச்சாங்க. அதுவும் தானா வந்த மனசாட்சி இல்ல, அதுக்கு முந்தின வருசம் ஸ்டூடன்ட்ஸ் உக்காந்து போராடுனாங்க. போதுமானதான்னு கேட்டா இல்லன்னுதான் நான் சொல்வேன், ஆனா தன்னோட பேரேட்டத் தொறந்து காட்டுன எடத்த நான் நம்பத் தயார்.

ஏஐ பத்தி கொஞ்சம். சாட்ஜிபிடி வந்த பிறகு பசங்க அசைன்மென்ட்ட அதுலயே எழுதறாங்கங்கறதுதான் எல்லா ஸ்டாஃப் ரூம்லயும் பேச்சு. கண்டுபிடிக்கற சாஃப்ட்வேர் வாங்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. எனக்கு அது உடன்பாடு இல்ல, அது தப்பா ஒரு நல்ல பிள்ளைய மாட்டி விட்டா அந்தப் பிள்ளை எப்படித் தன்ன நிரூபிக்கும்? மெஷின் ஒரு நிமிசத்துல எழுதற பதில நாங்க இத்தன வருசமா ஏன் கேள்வியா வச்சிருந்தோம்னு முதல்ல எங்களயே கேக்கணும். நான் இப்ப பத்து நிமிசம் நேர்ல உக்கார வச்சு பேசறேன். நீ எழுதுனது என்ன, ஏன் அப்படி, இந்த எடத்துல எண்ண மாத்துனா என்ன ஆகும்னு. நேரம் நிறைய எடுக்குது, அறுபது பேரு இருக்கற வகுப்புல ரெண்டு வாரம் போயிருது. ஆனா அந்தப் பத்து நிமிசத்துல ஒவ்வொருத்தரும் என்ன யோசிக்கறாங்கன்னு தெரியுது, இவ்வளவு வருசமா அது எனக்குத் தெரியாமலேயே நான் மார்க் போட்டுட்டு இருந்திருக்கேன்.

போன மீட்டிங்ல என் முறை வந்தப்ப ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ஒரு ஸ்டூடன்ட்டோ, ஒரு ஜூனியர் ஆசிரியரோ, ஒரு ஆபீஸ் உதவியாளரோ சொல்லி, நாம கடைசியா எந்த விதிய மாத்துனோம், எப்ப? ரூம்ல கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் லைப்ரரியில வேலை பாக்கற ஒருத்தர் சொன்னாரு, பத்து வருசம் முன்னாடி குழந்தை வச்சிருக்கற ஒரு பிஎச்டி மாணவி கேட்டு லைப்ரரி நேரத்த மாத்துனோம்னு. வேற யாருக்கும் எதுவும் ஞாபகம் வரல.

அதுக்கப்புறம் டிராஃப்ட்ல ஒரு வரி சேக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் ஒவ்வொரு வருசமும், அந்த வருசம் மாத்துன விதி என்ன, யாரு கேட்டு மாத்துச்சு, கேட்டும் மாத்தாம விட்டது என்ன, ஏன்னு எல்லாரும் படிக்கற மாதிரி வெளியிடணும். மாத்தாம விட்டதயும் எதுக்கு எழுதணும்னு ரெண்டு பேரு கேட்டாங்க, அது நமக்கே எதிரா போகுமேன்னு. கடைசி வார்த்தைய மட்டும் வெட்டிடலாமான்னு தலைவர் கேட்டாரு. நான் வேண்டாம்னேன். லைப்ரரிக்காரர் என் பக்கம் நின்னாரு. முடிவு எடுக்கல, வர்ற வியாழக்கிழமை மறுபடியும் உக்காறோம், அதுக்குள்ள கேட்டும் மாத்தாம விட்டதுல எங்க டிபார்ட்மென்ட்டோட முதல் பட்டியல நானே எழுதி எடுத்துட்டுப் போறதா சொல்லியிருக்கேன். இப்ப வரைக்கும் ஏழு வந்திருக்கு, அதுல மூணு எங்கிட்டயே கேட்டது.